பாயசம் குடித்த ரத்தம்

என் கைடு வெங்கடகிருஷ்ணன் சார் என் மூன்று வருட உழைப்பைக் குப்பையில் போடச் சொன்னது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் ஆய்வுக் குழு கூடுகிறது.

"முத்தாரம்மாள், உன் பாலிமர் தோத்துப் போச்சு, கேட்டயா. நாளைக்கு அதை ஒத்துண்டு ஒரு ஸ்லைடு வை. திங்கக்கிழமைலேருந்து பிரஜினோட பெக் வேலையில சேந்துக்கோ" என்றார். திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்துக்காரர், குரலை உயர்த்தாமலே ஆளைக் கவிழ்த்துவிடுவார்.

மருந்தைச் சுமக்கும் நுண்துகள் ரத்தத்தில் இறங்கியதும் புரதங்கள் வந்து அப்பிக்கொள்ளும். அப்பியதுமே உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு கல்லீரலுக்கு இழுத்துப் போய்விடும். பெக் என்பது அதைத் தடுக்க எல்லோரும் பூசும் பழைய பூச்சு. நான் செய்த பாலிமர் பூச்சு வேறு. அது தன்னைச் சுற்றித் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு, புரதத்துக்கு உட்கார இடமே தராது. என் துகளின் அளவு தொண்ணூறு நானோமீட்டர். ரத்த பிளாஸ்மாவில் போட்டாலும் அது தொண்ணூறிலேயே நிற்க வேண்டும். ஜூனில் நின்றது. ஓணச் சமயத்தில் எடுத்த பிளாஸ்மாவில் முந்நூற்றைம்பது காட்டியது.

நான் அழவில்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும். மிச்சமிருந்த பிளாஸ்மாக் குழாயை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உருகியதும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டியது மோர் மாதிரி வெளுத்திருந்தது. ஒட்டியிருந்த தேதி, எங்கள் ஆய்வகத்தில் ஓண சத்யா விருந்து போட்ட நாள். நேரம், மதியம் மூன்று. ரத்தம் கொடுத்த நாலு பேரும் பருப்பில் நெய்யும் அதன்மேல் பாயசமுமாக இலையை வழித்தவர்கள். அவர்களில் என் சக மாணவன் பிரஜின் மட்டும் மூன்று முறை பாயசம் வாங்கினான். தம்பானூர் ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருப்பவரின் மகள் நான், கொழுப்பு எனக்குத் தெரியாதா? ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துளியையும் அளக்கும் மெஷின் துகளென்றே எண்ணிவிடும்.

தப்பு என்னுடையதும்தான். துகள் போடாத வெறும் பிளாஸ்மாவை அன்றைக்கு நான் அளக்கவில்லை. ஜூனில் அளந்ததே போதும் என்று சோம்பலாக இருந்துவிட்டேன். அதை சாரிடம் சொன்னேன்.

"சாப்பாட்டு மேல பழி போடாதே. குழுவுக்கு எழுதி அனுப்பியாச்சு" என்று அவர் கதவைக் காட்டினார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் போய் ரத்தம் எடுக்கும் நர்ஸிடம் கையை நீட்டினேன். பத்து மணிக்குக் குழுவின் முன்னால் நின்றபோது என்னிடம் ஸ்லைடு இல்லை. இரண்டு குழாய்கள்தான் இருந்தன.

"மெஷின் அடுத்த முறியிலதான் இருக்கு. எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க" என்று பக்கத்து அறையைக் காட்டினேன்.

சாரின் முகம் சிவந்தது. குழுத் தலைவி டாக்டர் ராஜபாய் முதலில் எழுந்துவிட்டதால் அவரும் எழ வேண்டியதாயிற்று.

முதல் குழாயை மெஷினில் வைத்தேன். "இதுல என் துகள் ஒண்ணுகூட இல்ல சார். சத்யா அன்னைக்கி எடுத்த பிளாஸ்மா மட்டும். நீங்களே அமுக்குங்க."

அமுக்கினார். திரையில் அதே முந்நூற்றைம்பது வந்தது.

"அது எண்ட பாயசமாணு!" என்று பின்னாலிருந்து பிரஜின் மலையாளத்தில் கூவினான்.

இரண்டாவது குழாயில் என் காலை ரத்தத்தின் பிளாஸ்மாவும் அதில் என் துகளும் இருந்தன. ராஜபாய் என்னைப் பார்த்தார். "இதுலயும் தோத்தா?"

"தோத்ததுன்னு நானே எழுதுதேன் மேடம். ஆனா பாயசம் செஞ்ச தப்புக்கு நான் தோக்க மாட்டேன்."

இந்த முறை நானே அமுக்கினேன். தொண்ணூற்றிரண்டு.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தரம் போறாது. திரும்ப அளக்கணும்."

"முப்பது தரம் அளக்கேன் சார்" என்றேன். "திங்கக்கிழமை, என் பெஞ்சுல."