திரும்பிப் போன தபால்

பந்தல்காரன் போட்ட முடிச்சை நம்பாமல் துரை அவிழ்த்துத் தானே கட்டிக்கொண்டிருந்தபோது, மைக் கூய்யென்று கத்தியது.

"யோவ், நிறுத்துய்யா அத!" என்று அதட்டினார் துரை.

சவுண்டு சர்வீஸ் உலகநாதன் நேராக வீட்டுக்குள் போனான். பூங்கொடியின் மேசையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. கத்தல் நின்றுபோனது.

"உன் பொண்ணு செஞ்சது, மாமா. முணுமுணுத்தாக்கூட தெருக்கோடி வரிக்கும் கேக்கும். விசில் மட்டும் அடிக்காது."

ஐஸ் பெட்டிக்குள் மகள் பூங்கொடி கிடந்தாள். முப்பத்தாறு வயசு. மூன்று நாள் காய்ச்சல். துரை அந்தப் பக்கம் திரும்பாமல் முடிச்சை இறுக்கினார்.

அவளுடைய பேட்டன்ட் வழக்கைப் பார்த்த வக்கீல் மதுவந்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்தப் பெட்டிய கம்பெனிக்காரன் தன்னோடதுன்னு சொன்னான்ல, அப்பா? இவதான் மொதல்ல செஞ்சான்னு புனேலேர்ந்து ஒருத்தர் சாட்சி எழுதி அனுப்புனார். ரெண்டு தடவயும் ரிஜிஸ்டர் தபால் திரும்பிடுச்சு. வாங்க மறுத்துட்டாங்களாம். கெடு முடிஞ்சு, கேஸ் போச்சு. போஸ்ட்மேனுக்குக் காசு குடுத்துட்டாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா."

துரை கட்டிய முடிச்சை மறுபடியும் அவிழ்த்தார்.

ரிஜிஸ்டர் தபால் என்றாலே அவருக்கு சர்க்கார் நிலம் எடுக்கிற நோட்டீசுதான். ஒரு கையெழுத்தில்தான் ரோட்டோரத்து ஒரு ஏக்கர் போனது. மகள் வேலைக்குப் போன பகல்களில் வீட்டில் அவர் மட்டும்தான். 'வாங்கலன்னு எழுதிக்கோ. பொண்ணாண்ட மூச்சு வுடாத' என்று இரண்டு தடவையும் போஸ்ட்மேனை விரட்டியடித்தார். அவள் கேட்டபோது ஒன்றும் வரவில்லை என்றார்.

வாசலில் சலசலப்பு. போஸ்ட்மேன் பூபாலன் கையில் மாலையோடு நின்றார். துரையின் மகன் ரமேஷ் மறித்தான்.

"டப்பு வாங்கினு எங்க அக்கா பொழப்பக் கெடுத்துட்டு, இப்ப மாலை வேற கேக்குதா உனுக்கு? போய்யா!"

பூபாலன் துரையை ஒரு தரம் பார்த்தார். மாலையை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

துரை ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மாலையை எடுத்து அவர் கையிலேயே திணித்து, பந்தலுக்குள் இழுத்து வந்தார். மைக்கருகே வந்ததும் நின்றார். பூபாலனின் காதோடு முணுமுணுத்தார்.

"நான்தானே அந்தத் தபால வாங்கல... நீ ஏன்யா அவகிட்ட சொல்லல?"

தெருக்கோடி டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறிக்க மறுபடி நீட்டிய ரமேஷின் கை தானாகக் கீழே இறங்கியது.

மைக் கத்தவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.