மழை லீவில் கேட்ட சத்தங்கள்

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் தறிச் சத்தம் இல்லாத காலை வருஷத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். அன்றைக்கு வந்திருந்தது. விடிய விடியப் பெய்த மழையில் எங்கோ கம்பம் சாய்ந்து ஊருக்கே கரண்டு இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் லீவு. ஆஸ்பத்திரி டியூட்டிக்கு லீவு கிடையாது என்பதால் தேவசேனா மட்டும் திருப்பதி பஸ் ஏறிவிட்டாள்.

"மேடம் க்ரூப்புல பசங்களுக்கு வேலை வரும். அஞ்சு மணிக்குள்ள செஞ்சு போட்டோ அனுப்பிடு" என்று புருஷன் எழிலரசனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எட்டரைக்கு வந்தது. தெலுங்கில் நீளமாக. எழிலரசன் தெலுங்கைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவான். எழுத்தைக் காட்டினால் விழிப்பான். அவன் படித்தது தமிழ் மீடியம். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் ரோஜா போனை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, மேடம் மாதிரியே விரலை ஆட்டிச் சொன்னாள்:

"மொத்தம் நாலு வேலை, நைனா. மொதல்ல சமையக்கட்டுல வட்டம், சதுரம், முக்கோணம் தேடணும்."

தட்டு, தீப்பெட்டி என்று ஆரம்பித்தது, தோசைக்கல் அடுப்பேறுவதில் போய் நின்றது. தோசை வட்டம் என்றான் ஒன்றாம் வகுப்பு யோகேஷ். எழிலரசன் வார்த்துப் போட்டான். போட்டோ எடுப்பதற்குள் அது அரை வட்டமாகி, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போனது.

"நைனா, இவன் வட்டத்த துன்னுட்டான்!"

"இன்னொரு வட்டம் ஊத்தறேன், கத்தாத."

அடுத்தது, ஹாலை அடி வைத்து அளப்பது. யோகேஷுக்கு இருபத்தாறு அடி, ரோஜாவுக்கு இருபது, அப்பனுக்குப் பதினாலு. எது சரி என்று இருவரும் சண்டை போட்டார்கள். மூன்றையும் எழுதச் சொல்லித் தப்பித்தான் எழிலரசன்.

மூன்றாவது வேலை, ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற சத்தத்தையெல்லாம் எழுதுவது. மற்ற நாளாயிருந்தால் தறி என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். பின்கட்டு வாசற்படியில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தவளை கேட்டது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கேட்டது. இந்த ஊர் இப்படியும் இருக்குமா என்று எழிலரசனுக்கே ஆச்சரியம்.

"யாரோ தட்றாங்க, நைனா" என்றான் யோகேஷ், கண்ணைத் திறக்காமல்.

"தண்ணி சொட்டுதுடா."

"இல்ல. மூணு தட்டு தட்டி நிக்குது. மறுபடி மூணு."

எழிலரசன் காதைத் தீட்டிக் கேட்டான். உண்மைதான். மதிலுக்கு அந்தப் பக்கம், வரதராஜன் வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது. அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று மாசம். இவன் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் அவர்கள் வாசலில் தேங்குகிறது என்று வரதராஜன் மனைவி பாப்பாத்தி ஆரம்பித்த சண்டை அது.

"யாரு உள்ள?" என்று குரல் கொடுத்தான்.

தட்டல் நின்றது. "நான்தான்" என்று பாப்பாத்தியின் குரல் விறைப்பாக வந்தது. "மழைக்குக் கதவு உப்பிக்கினு, தாப்பா வர மாட்டேங்குது. அவரு சித்தூர் போய்க்கீறாரு."

"எவ்ளோ நேரமா?"

"ஒரு மணி நேரம் ஆச்சு."

"ஒரு குரல் கூப்ட வேண்டியதுதானேக்கா?"

பதிலுக்குக் குளிக்கிற மக் கதவில் மறுபடி மூன்று தட்டுத் தட்டியது. மக்கால் கதவைத் தட்டுவாளாம், ஆனால் எழிலரசா என்று வாயைத் திறக்க மாட்டாளாம். அவனுக்குச் சிரிப்பு வந்தது. தான் உள்ளே மாட்டியிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று தோன்றியதும் சிரிப்பு அடங்கியது.

மதில் ஏறிக் குதித்தான். ஸ்டூல் மேல் நின்று ரோஜா ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள். கதவருகில் போனவன் தயங்கி நின்றான்.

"துணியெல்லாம் கட்டிக்கினுதான் கீறேன். கதவ ஒட!" என்றாள் பாப்பாத்தி.

சந்தில் நெம்பி, தோளால் நாலு இடி இடித்ததும் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. ஈரச் சேலையோடு வெளியே வந்தவள், அவனைப் பார்க்காமல் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"புதுத் தாப்பா. போன மாசம்தான் போட்டது."

"உங்கள உள்ள வெச்சித் திரும்பப் பூட்டிடட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மதிலுக்கு மேலே தெரிந்த ரோஜாவின் தலை, "அத்த, உங்க சத்தத்த நோட்டுல எழுதட்டுமா?" என்று கேட்டது.

"எழுது, எழுது. பேரையும் போடு."

மூன்று மணிக்குக் கரண்டு வந்து, தெரு முழுக்கத் தறிகள் ஓட ஆரம்பித்தன. பருப்பால் படம் செய்கிற நாலாவது வேலை அப்படியே கிடந்தது. தறிக்குப் போக வேண்டிய எழிலரசன் கடிகாரத்தைப் பார்ப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதுமாக நிற்கையில், பாப்பாத்தி உளுந்தும் துவரம்பருப்பும் முறத்தில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தாள்.

"நீ தறிக்குப் போ. இதுங்கள நான் பாத்துக்கறேன்" என்றவள், நடந்துகொண்டே சேர்த்துச் சொன்னாள்: "சாக்கட விஷயம் அப்படியேதான் கீது. ஞாயித்துக்கிழம அவர வெச்சிக்கினு பேசலாம்."

"பேசலாங்க்கா."

ஆறு மணிக்குத் தேவசேனா திரும்பினாள். ஹாலில் பருப்பு மயில் ஒன்று பாதித் தோகையோடு நின்றது. அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஆளைக் கண்டு, செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் வீட்டுக்காரரு என் கதவ ஒடச்சிட்டாரு" என்றாள் பாப்பாத்தி, தலை நிமிராமல், சந்தோஷமாக. "அஞ்சு மணி தாண்டிடுச்சு. மயிலுக்கு இன்னும் வால் முடியல. கை கழுவிக்கினு வா, நீயும் ஒக்காரு."