மாப்பிள்ளை காலுக்கு அங்கவடி

குதிரையை வாடகைக்கு விடுகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, காலைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைப்பாக்கத்து சரோஜா அப்படித்தான் பார்ப்பாள். புருஷன் செத்தபின் அவளுக்கென்று மிஞ்சியது சிட்டு என்கிற வெள்ளைக் குதிரை ஒன்றுதான். மாப்பிள்ளை அழைப்பு எந்த ஊரில் நடந்தாலும் சிட்டு போகும், சரோஜா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். ஒரே ஒரு மாப்பிள்ளை விழுந்துவிட்டால் போதும், அப்புறம் படப்பைப் பக்கம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய், சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு அவன் கால் நுழைத்து மிதிக்க எந்த அங்கவடி சரிப்படும் என்று பார்த்துவிட்டு வருவாள்.

சேரப்பணஞ்சேரி சுபாஷ் வீட்டுக்கும் அப்படித்தான் இரும்பு அங்கவடிகளைக் கோணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். சுபாஷ் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுக்கும் சேர்த்துப் பேசுவது அவன் தாய்மாமன் ரகுபதி. வயக்காட்டில் கல் நட்டு பிளாட் விற்று நாலு காசு பார்த்ததிலிருந்து, உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்ட மனுஷன். சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து தங்க முலாம் பூசிய ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ராஜா வேஷக்காரன் காலில் மின்னுவதற்காகச் செய்தது. சரோஜா கையில் வாங்கிப் பார்த்தாள். வெறும் தகரம்.

"தம்பி, ஷூவ போட்டுகினு இதுல கால வுடு."

கூர்மூக்கு ஷூ உள்ளே போய் மாட்டிக்கொண்டது. சுபாஷ் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பாத்தியா, இன்னா மாதிரி கிண்ணுனு உக்காந்துகீது!" என்றார் ரகுபதி பெருமையாக.

"கிண்ணுனு உக்காந்தா விழும்போது கழலாது அண்ணே. குதிர தரதரன்னு இஸ்துகினு போவும். ரெண்டு பக்கமும் ஒரு விரக்கட எடம் இருக்கணும். அடி அகலமா, கனமா இருக்கணும். அப்பதான் காலு வலிக்காம குந்தலாம். விழுந்தாலும் காலு தானா வெளிய வந்துரும்."

"நல்ல காரியத்துல விழறதப் பத்தியே பேசறியே!"

விழுவதைப் பற்றிப் பேசக் கூடாதென்றால் குதிரை எதற்கு, மணையிலேயே உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போயேன் என்று சரோஜாவுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். தகரத்தை மாட்டினால் குதிரை வராது என்று மட்டும் சொன்னாள். ரகுபதி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அழைப்பன்று சாயங்காலம் படப்பைப் பிள்ளையார் கோயில் வாசலில் சுபாஷை ஏற்றிவிட்டு, முழங்கால் லேசாக மடங்கும்படி வாரை ஏற்றி இறக்கிச் சரிசெய்தாள். அடியில் ரப்பர் வைத்த அகலமான அங்கவடியில் அவன் கால் பாந்தமாக நின்றது. அது ரகுபதியின் கண்ணை உறுத்திவிட்டது.

"லொடலொடன்னு ஆடுதே!" என்று தன் பட்டு அங்கவஸ்திரத்தை இரண்டாகக் கிழித்தார். மாப்பிள்ளையின் இரண்டு கால்களையும் அங்கவடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். தாய்மாமன் என்றால் இவரல்லவோ தாய்மாமன் என்று சொந்தக்காரப் பெண்கள் உருகினார்கள். வீடியோக்காரர் அதை வேறு கிட்டத்தில் வந்து எடுத்தார். இத்தனை தலைகளில் ஒன்றுக்குக்கூட மூளை கிடையாதா என்று சரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவுருங்க அண்ணே, ஆபத்து!"

"குதிரக்காரி குதிரய மட்டும் பாரு."

பேண்டு முழங்க ஊர்வலம் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் சுபாஷ் குனிந்தான்.

"அக்கா, பயமா கீது. அவுத்து வுட்டுருங்க. மாமாவுக்குத் தெரிய வாணாம்."

சேணத்து வாரை இறுக்குகிறவள் போலச் சரோஜா இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, பட்டுத் துணியை மேலே சும்மா சுற்றிவிட்டாள்.

மண்டபத்துக்கு முன்னால், குதிரையின் மூக்குக்கு நேராகப் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார் ரகுபதி. சிட்டு முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. சுபாஷ் பின்பக்கமாகச் சரிந்தான். கால் இரண்டும் சுத்தமாகக் கழன்றுவர, கொட்டிவைத்திருந்த மணல்மேல் விழுந்தான். வெற்று அங்கவடிகள் வயிற்றில் மோத மோத, குதிரை லாரிகளுக்கு நடுவே தார்ரோட்டில் பாய்ந்தது. சரோஜா துரத்திப்போய்ப் பிடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவள் திரும்பி வந்தபோது சுபாஷ் நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"கட்ட அவுத்தது யாருடி? கட்டு இருந்திருந்தா புள்ள விழுந்திருப்பானா?" என்று ரகுபதி கத்தினார். கூட்டம் மொத்தமும் ஆமாம் என்று தலையாட்டியது.

"தம்பிதான் அவுக்கச் சொல்லிச்சு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் சுபாஷைப் பார்த்தார்கள். பெண்வீட்டார் வாசலில் நின்றிருந்தார்கள். அவன் கோட்டிலிருந்த மணலைத் தட்டிவிட்டான்.

"நான் ஏன் சொல்றேன்?"

சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கால அவுத்து வுட்டேன் தம்பி. வாய அவுக்க என்னால ஆவாது."

இனிமேல் அவள் குதிரை வேண்டாம், கார் வைத்துக்கொள்வோம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. சிட்டை நடத்திக்கொண்டு பிள்ளைப்பாக்கம் திரும்பினாள். பேசாமல் கட்டை அவிழ்க்காமலே விட்டிருக்கலாமோ என்று வழியில் ஒரு கணம் தோன்றியது. அந்த மாமனையும் மருமகனையும்விட, அப்படித் தோன்றியதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.