சனிக்கிழமைக் காகம்

செல்வரத்தினம் ஈரப் புல்லில் முழந்தாளிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, எள்ளுச் சோற்றில் ஒரு பிடியைக் கம்பி இடுக்கின் வழியே உள்ளே தள்ளினார். கூட்டுக்குள் இருந்த காகம் தலையைச் சரித்து, முதலில் அவரையும் பின்னர் சோற்றையும் பார்த்தது. பிறகு தத்தி வந்து கொத்தத் தொடங்கியது. அது தின்று முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மதியம் இல்ஃபோர்ட் வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி பாலாம்பிகை கேட்கப்போவது என்ன என்பதை அவர் அறிவார். காகம் சாப்பிட்டதோ என்பாள். ஓம், சாப்பிட்டது என்பார். அதன் பிறகுதான் அவள் விரதத்தை முடித்துத் தன் சாப்பாட்டுக் கோப்பையின் முன் அமருவாள். தாம் பொய் சொல்லவில்லை என்று சனிக்கிழமை தோறும் ரயிலில் அமர்ந்து அவர் தம்மைத் தேற்றிக்கொள்வார். அந்தக் காகம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஹெயினோல்ட்டுக்கு அப்பால், லண்டனின் கடைசி வீடுகள் முடிந்து கோதுமை வயல்கள் தொடங்கும் இடத்தில் ஹார்வியின் பண்ணை இருந்தது. ஹார்வியின் தந்தை தம் காலத்தில் வேலிப் பற்றைகளையெல்லாம் பிடுங்கி எறிந்து, சிறு வயல்களை ஒன்றாக்கி, மூலை முடுக்கெங்கும் மருந்தடித்திருந்தார். ஒதுங்கப் பற்றையும், குஞ்சுகள் பொறுக்கித் தின்னப் பூச்சியும் இல்லாமற்போகவே, ஃபெசன்ட் எனப்படும் நீண்ட வால் காட்டுக்கோழிகள் அந்த நிலத்தைக் கைவிட்டுப் போயின. வளர்ப்புக் கோழிகளை விலைக்கு வாங்கி வந்து பறக்கவிட்டுச் சுடுவது ஹார்விக்கு மானக்குறைவாகப் பட்டது. தன் மண்ணில் தானாகப் பொரித்து வளர்ந்த கோழியையே தானும் நண்பர்களும் நவம்பரில் சுடவேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக அங்கே வேலைக்குச் சேர்ந்த செல்வரத்தினம் குளிரோடு குளிராக முட்செடி வேலி நட்டார்; வயல் நடுவே புல் வரம்பு எழுப்பினார்; ஓரங்களில் களையை வளரவிட்டார். களையைக் கண்டால் குனிந்து பிடுங்காமல் நகராத கைகள் அவருடையவை. அவற்றைக் காற்சட்டைப் பைக்குள் புதைத்துக்கொண்டே முதற் கோடையைக் கடத்தினார்.

அடுத்த தெருவில் குடியிருந்து பெற்றோல் நிரப்பும் செற்றில் வேலை செய்த இராஜேந்திரனுக்கு இது ஓயாத வேடிக்கை. “லண்டனுக்கு வந்தும் மண்வெட்டியை விடாத ஆள் எங்கட செல்வண்ணைதான்,” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவான். “அதுவும் பயிருக்கில்லை, பற்றைக்கு.”

இந்த வசந்தத்தில் கோழிகள் மெய்யாகவே திரும்பி வந்தன. முட்டையும் இட்டன. இட்ட முட்டைகளைக் காகங்கள் குடித்தன. ஹார்வி ஒரு கம்பிக் கூட்டைக் கொண்டுவந்து வேலியோரம் வைத்தார். அதன் ஓர் அறையில் உயிருள்ள காகம் ஒன்று அடைபட்டிருந்தது. மற்ற அறையில், மிதித்தவுடன் அறைந்து மூடும் கதவு. தம் எல்லைக்குள் அந்நியக் காகம் நிற்பதைப் பொறுக்காத சோடி அதை விரட்ட இறங்கும்; இறங்கியது அகப்படும். அகப்பட்டதைத் தடியால் ஒரே அடியில் முடிப்பதும், கூட்டுக் காகத்துக்குத் தீனி வைப்பதும் செல்வரத்தினத்தின் பொறுப்பாயின. ஏலாது என்று சொல்லும் எண்ணத்துடன்தான் அன்று அவர் ஹார்வியிடம் போனார். ஆனால் இந்த வேலையை நம்பித்தான் மகன் சுதாகரனைக் கொழும்பிலிருந்து அழைப்பிக்கும் ஏற்பாட்டையே தொடங்கியிருந்தார். அவன் வந்து சேரட்டும், பிறகு பார்ப்போம் என்று நாவை அடக்கிக்கொண்டார்.

சுதாகரன், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனின் கையில் மொஸ்கோ வரை வந்து, அங்கேயே மாதக்கணக்காக நின்றான். அவனுக்கு ஏழரைச் சனி. பாலாம்பிகை சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்கு வைக்காமல் வாயில் நீரும் படவிடாள். முதலில் பின்வளவில்தான் சோறு வைத்தாள். புறாக்கள் மொய்த்தன, எலி வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கவுன்சிலுக்கு முறையிட்டாள். அதன் பிறகே சாப்பாட்டுப் பெட்டி கணவனின் கைக்கு மாறியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏஜென்சிக்காரன் தொலைபேசியில் பேசினான். சுதாகரன் புறப்பட்ட கூட்டம் ஏதோ ஓர் எல்லையில் பிடிபட்டுவிட்டதாம். யார் உள்ளே, யார் தப்பினார்கள் என்பது தெரியாதாம். மறுநாள் விடியலில் செல்வரத்தினம் சப்பாத்து மாட்டும்போது, பாலாம்பிகை முழுகிவிட்டு, கோட்டும் அணிந்து, பெட்டியுடன் வாசலில் நின்றாள்.

“இண்டைக்கு நானும் வாறன். என்ர கையால வைக்கவேணும்.”

“அங்கை ஒரே சேறப்பா. நீர் வழுக்கி விழுந்திடுவீர்.”

“நான் காணாத சேறோ?”

காகங்கள் தன்னிச்சையாக மேயும் தெற்கு வயலுக்கு அவளை அழைத்துச் சென்றுவிடலாம் என்று ரயிலிலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். ஆனால் பண்ணைப் படலையைத் தாண்டியதும், அவருடைய காலடியை அறிந்த கூட்டுக் காகம், தீனி வருகிறதென்று உரத்துக் கத்தியது.

“அங்கை கூப்பிடுது,” என்று அவள் முகம் மலர்ந்து அந்தத் திசையில் நடந்தாள்.

கூட்டின் முன் நின்றவளை அவர் வேலியின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். காய்ந்த புல்லுக்குள் பழுப்புநிறப் பேடு ஒன்று கண்ணிமைக்காமல் அடைகாத்துக் கிடந்தது. முள்ளுக்குப் பின்னால் குந்தியிருந்து, காகம் முட்டை குடிக்கும் கதையையும் கூட்டின் கதையையும் தாழ்ந்த குரலில் சொன்னார். தடியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

“குஞ்சு பொரிச்சு?”

“வளரும்.”

“வளந்து?”

அவர் தாம் நட்ட முட்செடிகளைப் பார்த்தார். “நவம்பரில சுடுவினம்.”

பாலாம்பிகை கூட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அப்ப இவ்வளவு நாளும் என்ர சோத்தைத் திண்டது கூட்டுக்குள்ள அடைபட்ட அந்த மறியல் காகமோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“வெளியில நிண்ட ஒண்டும் தொடேல்லை.”

“இல்லை.”

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ அவர் தோளுக்கு மேலாக வேறெதையோ நோக்கினாள். ஓக் மரத்திலிருந்து காகச் சோடி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று வேலியில் நின்றது. மற்றது கூட்டின் மேல் அமர்ந்து, உள்ளே எட்டிப் பார்த்தது.

“பேசாதேங்கோ,” என்று அவள், மடியிலிருந்த சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி, மூச்சின் ஒலியில் சொன்னாள். “சாப்பிட வருது.”

ஒரு கைதட்டல் போதும், அது பறந்துவிடும். அவருடைய இரண்டு கைகளும் நெஞ்சளவு உயர்ந்தன, ஆனால் சேரவில்லை. அந்தக் கைகளுக்கு ஹார்வி கொடுத்த வேலை காகத்தைப் பிடிப்பதல்லவா என்ற எண்ணம் குறுக்கிட்ட கணத்தில், காகம் உள்ளே குதித்தது; கதவு அறைந்து மூடிற்று.

வேலியில் நின்ற காகம் கதறிக்கொண்டு மேலெழுந்து வட்டமிட்டது. பாலாம்பிகை அந்தரத்தில் நின்ற அவருடைய கைகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து கூட்டை நோக்கி நடந்தாள். அதன் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த தடி அவள் கண்ணில் பட்டது. அதன் நுனி கறுத்திருந்தது. சேற்றில் முழந்தாளிட்டு, சோற்றைப் பிசைந்து, புதிதாக அகப்பட்டது துடிக்கும் அறைக்குள் கம்பி இடுக்கால் கையை நீட்டினாள்.

“இது சாப்பிடட்டும். பிறகு உங்கட வேலையைச் செய்யுங்கோ.”

படலைப் பக்கம் ஹார்வியின் லாண்ட் ரோவர் உறுமுவது கேட்டது. செல்வரத்தினம் தடியை எடுத்தார். எடுத்ததை என்ன செய்வதென்று அறியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, வண்டி வரும் வழிக்கும் அவளுக்கும் நடுவே நின்றார். காகம் அறையின் கடைசி மூலையில் சிறகை விரித்து ஒட்டிக்கொண்டு, அலகைத் திறந்தபடி இரைத்தது. தூறல் விழத் தொடங்கியது. நீட்டிய உள்ளங்கையில் எள்ளுச் சோறு ஊறி, பருக்கை பருக்கையாக விரலிடுக்கால் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.