பச்சை லேபிள்

மழை விட்டதும் பூமயில், கோழிக்கூண்டு ஓரம் நனைந்து கிடந்த தீவன மூட்டையைத் தூக்கினாள். பச்சை இலை படம் போட்டு 'இயற்கைத் தீவனம்' என்று ஒட்டியிருந்த லேபிள் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அடியில் சாக்கிலேயே அச்சடித்திருந்தது: பிராய்லர் கோழித் தீவனம். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். பக்கத்து ஊர் சிக்கலில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாத் தீவனம்.

போன வருஷம் வரை அவள் கோழிகள் கம்பையும் கரையானையும் தின்று காடு மேடெல்லாம் திரிந்தவை. பாம்பனில் ஹோட்டல் நடத்தும் ஹமீது சுல்தான் அவளிடம்தான் முட்டை வாங்குவார். ஒருநாள் அங்கே, அவள் கணவனின் சித்தப்பா மகன் தங்கப்பாண்டி, சாப்பிடுகிறவர்கள் காதில் விழும்படி சொன்னான்: "கண்டதையும் பொறுக்கித் திங்கிற கோழி பாய். லேபிள் இருக்கா இதுக்கு? யாருக்காச்சும் வயித்தக் கலக்குனா நீங்கதான் பதில் சொல்லணும்." பாய் திருப்பிக் கொடுத்த முட்டைத் தட்டுகளோடு பஸ் ஏறியவள் ஊர் வந்து சேரும்வரை தலை நிமிரவில்லை. மறுவாரமே தீவனத்தோடும், முட்டையில் ஒட்டுகிற லேபிளோடும் அவனே வந்தான். வேறு வழியில்லாமல் வாங்கினாள். கோழிகளைக் கூண்டில் அடைத்தாள். ஹமீது சுல்தான் மறுபடி முட்டை எடுத்தார்.

இப்போது போய்ச் சண்டை பிடித்தால், கம்பெனிக்காரன் தப்பு என்று கையை விரித்துவிடுவான். அது போதாது. அவள் நாலு பேர் முன்னால் பட்டாள். அவனும் அப்படித்தான் படவேண்டும். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. வந்தவனுக்கு மோர் கொடுத்தாள். மூட்டையும் வாங்கினாள்.

"மதினி, சனிக்கிழமை பாய் ஹோட்டல்ல கோழி வளக்குற ஆர்.எஸ்.மங்கலத்துப் பொம்பளைகளுக்கு நம்ம தீவனத்தப் பத்தி மீட்டிங். நீங்களும் வந்து நாலு வார்த்தை சொல்லுங்க."

"வாரேன் தம்பி" என்றாள்.

அன்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கப்பாண்டி மேஜைமேல் மூட்டையை நிறுத்தி, பக்கத்தில் முட்டை லேபிள்களைப் பரப்பிவைத்து அவளைக் கூப்பிட்டான். பூமயில் எழுந்து வந்தாள். தண்ணீர் ஜக்கை எடுத்து மூட்டைமேல் ஊற்றினாள்.

"என்ன மதினி பண்றீங்க?"

உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பச்சை இலை சுருண்டு விழுந்தது. "படிங்கத்தா" என்றாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி உரக்கப் படித்தாள்.

"குடும்ப மானம் போகுது மதினி."

"அன்னைக்கு இதே எடத்துல எம் மானம் போனப்ப எங்கனலே போச்சு ஒங் குடும்பம்?"

கல்லாவிலிருந்து எழுந்துவந்த ஹமீது சுல்தான் குனிந்து சாக்கைப் பார்த்தார். "அப்ப எனக்கு நீ குடுத்த முட்டை?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தனக்கும் தெரியாது என்று சேர்ந்துகொள்ளத் தங்கப்பாண்டியும் அதற்குத்தான் காத்திருந்தான்.

"மூணு வாரமாத் தெரியும் பாய். தெரிஞ்சேதான் ஒட்டிக் குடுத்தேன்."

அவர் சுவரில் மாட்டியிருந்த 'இயற்கை முட்டை' போர்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். "இனிமே நீ இங்கன வரவேணாம் பூமயிலு."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் உடனே கிளம்பவில்லை. பெண்கள் மேஜையை இடித்துக்கொண்டு எழுந்து போக, தரையில் சிதறிய லேபிள்களை அவர்கள் கால்களுக்கிடையே தங்கப்பாண்டி குந்திப் பொறுக்குவதைக் கடைசி லேபிள்வரை நின்று பார்த்தாள். நெஞ்சு குளுகுளுவென்றிருந்தது.

ஜன்னலோர மேஜையில், தனுஷ்கோடி பார்க்கப் போகிற வடக்கத்திக் குடும்பம் ஒன்று. பேசியது எதுவும் புரியாத அந்தத் தாய், அவித்த முட்டையை உடைத்து உப்புத் தொட்டு மடியிலிருந்த குழந்தைக்கு ஊட்டினாள். அது விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது.