ஏழாம் கட்டிலில் தங்கிய விரல்கள்

அந்த ஆஸ்பத்திரியில் எதைத் தொட்டாலும், தொட்டவர் போன பிறகும் அவர் கை அங்கேயே இருக்கும். கட்டில் கம்பியில், குளுக்கோஸ் ஸ்டாண்டில், ஃபேன் சுவிட்சில் என்று பிடித்த பிடி விடாமல் கைகள் இருந்தன. அடுத்து வந்து படுப்பவரைப் பிடித்துக்கொள்ளும். அவருக்குக் காய்ச்சல் வரும், தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கும். கைகளையும் குறை சொல்ல முடியாது. பிடிப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை தெரியாது.

அவற்றை வீட்டுக்கு அனுப்பிவைப்பது லூர்தம்மாளின் வேலை. கையுறை மாட்டிக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து ஈரமாகவே விட்டுவிடுவாள். ஈரம் பட்டதும் கைகள் கிளம்பத் தயாராகும். ஆனால் எல்லாம் அந்த ஊர்க் கைகள். அந்த ஊரில் யாரும் 'வரட்டுமா' என்று எழுந்தவுடன் போனதாகச் சரித்திரம் இல்லை. வாசலில் நின்று பத்து நிமிஷம் பேசினால்தான் விடைபெற்றதாகக் கணக்கு. கைகளும் முதலில் சுண்டுவிரலை எடுக்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு அடுத்த விரல். பத்து நிமிஷம் ஈரம் காயாமல் இருந்தால் கட்டைவிரலும் விட்டுவிடும். அப்புறம் படியிறங்கி அவரவர் வீட்டுக்குப் போய்விடும்.

சூப்பர்வைசர் சங்கரபாண்டியனுக்கு ஈரம் கண்ணில் பட்டால் ஆகாது. ஈரம் இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்பது அவர் கட்சி. லூர்தம்மாள் நகர்ந்ததும் பின்னாலேயே காய்ந்த துணியோடு வந்து துடைப்பார். கைகள் அதை 'இருந்துட்டுப் போங்களேன்' என்ற உபசாரமாக எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடும். துடைத்த இடத்தில் அவர் ஆள்காட்டி விரலை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பதினொரு வருஷ சர்வீஸில் அந்த விரலில் தூசி ஒட்டியதே இல்லை. அதில் அவருக்குப் பெருமை.

ஏழாம் கட்டிலில் வரிசையாக மூன்று பேருக்குச் சீழ் பிடித்தது. நாலாவதாக அந்தக் கட்டில் அருள்மணிக்கு ஒதுக்கப்பட்டது. பித்தப்பைக் கல், மறுநாள் ஆபரேஷன். அவள் லூர்தம்மாளுடைய புருஷனின் அக்கா. நாலு வருஷத்துக்கு முன்னால் லூர்தம்மாள் மகள் கல்யாணத்தில் அருள்மணியை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தி வீட்டு வாசலை இன்னொருத்தி மிதிக்கவும் இல்லை.

அருள்மணி பையை மடியில் வைத்துக்கொண்டு வார்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிடம் கேட்டாள்.

"அந்தக் கட்டில்ல படுத்தவங்க யாரும் நல்லபடியா வீடு போய்ச் சேரலையாமே?"

"இவங்க போவாங்கன்னு சொல்லு" என்று லூர்தம்மாளும் சுவரிடமே சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. மதினி மேல் கோபம் உண்டுதான். அதற்காக அவள் சீழ் பிடித்துக் கிடக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஏழாம் கட்டிலின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கம்பியைப் பார்த்தாள். அங்கே கைகள் அதிகம் இல்லை. கம்பி நெடுக ஆள்காட்டி விரல்கள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. எல்லா விரலிலும் நகம் நடுவில் பிளந்திருந்தது.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க."

சங்கரபாண்டியன் குனிந்து பார்த்தார். பிறகு நகம் பிளந்த தன் விரலைப் பார்த்தார்.

"என்னோடதுதான்" என்றார். "எல்லாமே."

"தினமும் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்கல்லா சார்."

"அந்த மூணு பேருக்கும் இதனாலதானா?"

"ஆமா சார்."

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது. "இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்யக் கூடாது சார். பத்து நிமிஷம்."

அவர் காய்ந்த துணியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். லூர்தம்மாள் கம்பி, அலமாரிப் பிடி, சுவிட்ச் எல்லாவற்றையும் ஈரமாக்கினாள். மூன்றாம் நிமிஷம் ஒரு சொட்டு கீழே விழுந்தது. அவருடைய தோள் துடித்தது, ஆனால் நகரவில்லை. பத்தாம் நிமிஷம் விரல்கள் வரிசையாக இறங்கி வெளியே போயின. நர்ஸம்மா காலை ஒதுக்கி வழிவிட்டார். சங்கரபாண்டியன் மனைவிக்குப் போன் செய்தார்.

"வீட்டுக்குக் கொஞ்சம் விரல் வரும். கதவைத் திறந்து வை."

ஆபரேஷன் முடிந்து ஆறு நாள் அருள்மணி ஏழாம் கட்டிலில் இருந்தாள். காய்ச்சல் வரவில்லை, தையல் சுத்தமாகக் காய்ந்தது. லூர்தம்மாள் தினம் மூன்று தடவை துடைத்துவிட்டுப் பத்துப் பத்து நிமிஷம் ஸ்டூலில் காவல் இருந்தாள். இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் நாள் அருள்மணி ஃபேனிடம் சொன்னாள். "மொதப் பந்தியில பாயசம் ரொம்ப நல்லா இருந்துச்சாமே."

"ரெண்டாம் பந்தியிலதான் முந்திரி ஜாஸ்தி" என்று லூர்தம்மாளும் ஃபேனிடம் சொன்னாள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அருள்மணி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அவள் கை மட்டும் கம்பியில் இருந்தது. லூர்தம்மாள் ஈரத்துணியால் துடைத்தாள். பத்து நிமிஷத்தில் அதுவும் படியிறங்கிப் போனது.

வேலை முடிந்து லூர்தம்மாள் தன் வீட்டுக்குப் போனபோது அந்தக் கை வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க மதினி" என்றாள் லூர்தம்மாள். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் குழாயையும் சோப்பையும் காட்டினாள். கை சோப்பை எடுத்தது, திரும்ப வைத்தது. ஒற்றைக் கை, தேய்த்துக்கொள்ள வழியில்லை. லூர்தம்மாள் கையுறை போடாத தன் கையை நீட்டினாள். இரண்டும் சேர்ந்து நுரை வர நிதானமாகக் கழுவின.

வீட்டில் இன்னும் யாரும் சாப்பிடவில்லை. லூர்தம்மாள் அந்தக் கைக்கு முதல் இலையைப் போட்டாள்.