படலைக்கு வெளியே மூன்று போத்தல்கள்

தியாகராசாவிடம் ஒரு கொள்கை இருந்தது. வீட்டு வேலியின் படலைக்கு வெளியே வைத்ததைத்தான் எடுப்பார். உள்ளே பொன்கட்டி கிடந்தாலும் எட்டிப் பார்க்கமாட்டார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இது சின்ன விஷயமல்ல. பாதி வீடுகளில் ஆட்கள் இல்லை. மீதி வீடுகளில் இருந்தவர்களில் சிலர், ஆளில்லாத வீடுகளின் கூரை ஓடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு போத்தல்காரர் நீதி நியாயம் பார்த்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்தது. ஆனாலும் தங்கள் போத்தல்களை அவருக்கென்றே எடுத்து வைத்தது.

அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்த காலம். புதுப் போத்தல் வராது, தகரம் வராது, கடதாசி வராது. அதனால் குப்பை என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. தியாகராசா வியாழக்கிழமைகளில் சைக்கிள் கரியரின் இரண்டு பக்கமும் சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டு மருதனார்மடத்திலிருந்து வடக்கே புறப்படுவார். விடியமுன் படலையோரம் எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டும். போத்தல் கழுவியிருக்க வேண்டும், வாய் நொறுங்கியது ஆகாது. மண்ணெண்ணெய் ஊற்றிய போத்தலின் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு நார் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் யாரோ ஒருவருடைய நல்லெண்ணெய் நாறிப்போகும். கடதாசி காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் பட்ட தாள் பை ஒட்டுகிற பெண்களுக்கு உதவாது. பால்மாத் தகரப் பேணி விளக்குச் செய்கிறவனிடம் போகும். அலுமினியமும் செத்த பற்றரியும்கூட எடுப்பார். முகம்பார்க்கும் கண்ணாடி எடுக்கமாட்டார். சாவு நடந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் கழியும்வரை ஒரு மூடியைக்கூடத் தொடமாட்டார். பதிலுக்கு உடுப்புத் தோய்க்க ஊரில் காய்ச்சிய சவர்க்காரத்தில் ஒரு துண்டு கொடுப்பார்.

அவருடைய அக்கா சிவக்கொழுந்து அளவெட்டிக்கு வடக்கே ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். பிள்ளைகள் இல்லை. புருஷன் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரி, அவர் போய்ச் சேர்ந்த பிறகு எண்ணெய்ப் போத்தல்களும் கஷாயப் போத்தல்களும் மட்டும் ஓர் அறை நிறையக் கிடந்தன. ஆனி மாதத்தில் ஷெல் அந்தப் பக்கம் விழத் தொடங்கியபோது, அப்போது அயலில் இருந்த தியாகராசா மனைவியையும் மகளையும் மருதனார்மடத்துக்கு ஒரு உழவு மெசினில் ஏற்றினார். அக்காவுக்கு இடமில்லை.

"நாளைக்கு விடிய வந்து ஏத்திறன் அக்கா," என்றார்.

அந்த நாளை வரவில்லை. பாதை அடைபட்டுவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள், விட்டுவந்த மாட்டைத் தேடிப் போன ஒருவன் திரும்பி வந்து, பரியாரியார் வளவுக்குள் ஷெல் விழுந்திருக்கிறது, வீட்டம்மா குசினி வாசலில் இரத்தத்தோடு கிடக்கிறா, அசைவில்லை என்றான். கிட்டப் போய்ப் பார்த்தாயா என்று தியாகராசா கேட்கவில்லை. விழுந்து புரண்டு அழுதார். அந்த அழுகை உண்மையானதுதான். ஆனால் அதற்குள்ளே, இனி அங்கே போகத் தேவையில்லை என்ற ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உடல் இல்லாதபடியால் ஐயர் தர்ப்பையில் ஓர் உருச் செய்து கொடுக்க, அதற்குக் கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடித்தார்.

சண்டை ஓய்ந்ததும் ஒழுங்கையின் தொடக்கத்தில் ஐந்து வீட்டுக்காரர் திரும்பி வந்திருந்தார்கள். அவர்களிடம் எடுத்துக்கொண்டு தியாகராசா அப்படியே திரும்பிவிடுவார். ஒழுங்கையின் மற்ற நுனிப் பக்கம் பார்க்கவும் மாட்டார். ஆவணியில் மறுபடியும் ஷெல் விழ, ஐந்து இரண்டாகி, இரண்டு ஒன்றும் இல்லாமலாயிற்று. அந்த வியாழன் உச்சிப்பொழுதில் அவர் வெறும் சாக்கோடு நின்று சைக்கிள் மணியடித்தார். பழக்கதோஷம். பதிலுக்கு ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. காகமும் இடம்பெயர்ந்த ஒழுங்கை அது.

அப்போதுதான் கடைசியில் ஏதோ மினுங்கியது.

கிட்டப் போனார். அக்கா வீட்டுப் படலைக்கு வெளியே, வேலிக் கதியாலின் அடியில், மூன்று மருந்துப் போத்தல்கள். சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்த பளபளப்பு. தலைகீழாக வைத்திருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் அதன் மூடி நூலால் கட்டியிருந்தது. மூடி தொலைந்தால் போத்தல் அனாதை என்று சொல்லி அப்படிக் கட்டுகிற ஒருத்தியைத்தான் அவர் வாழ்க்கையில் கண்டிருக்கிறார். ஒரு போத்தலின் வாயிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டில்லை, நெற்றியைப் பிளக்கிற வெயில். ஆனாலும் தியாகராசாவுக்கு இது செத்த அக்காவின் வேலை என்றே பட்டது. வெளியே வைத்ததை எடுக்காமல் விடவும் பயம். எடுத்துச் சாக்கில் போட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அப்போது வேலிக்கு உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி."

சற்றுப் பொறுத்து மறுபடியும், இன்னும் மெலிந்து, "தம்பி."

பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. மூன்றாந்தரம் கூப்பிட்டால்தான் மனிதக் குரல், அதற்குத்தான் ஓம் என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தியாகராசா மூன்றாந்தரத்துக்கு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ஞானாம்பிகையிடம் சொன்னார்.

"மச்சாளுக்குப் பசி போலை," என்றாள். "படைச்சுப்போட்டு வாங்கோ."

அடுத்த வியாழன் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, அக்காவுக்குப் பிடித்த எள்ளுருண்டை எல்லாம் வாழையிலையில் கட்டிக்கொண்டு போனார். போத்தல்கள் மூன்றும் தயாராக இருந்தன. அவற்றை எடுத்த இடத்தில் இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, கறுப்பெள்ளு தூவிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார். படைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால், வேலிக்கு உள்ளே, கனமான ஏதோ மணலில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அதற்கும் திரும்பவில்லை.

மறு கிழமை வியாழன் இலை வெறுமையாக இருந்தது. நாய் தின்றால் இலை கிழியும், காகமென்றால் சோறு சிதறும். இந்த இலை கழுவி, செத்தவீட்டுப் பந்தியில் மடிப்பதுபோல் எதிர்ப்புறமாக மடித்து, மேலே ஒரு கல் பாரம் வைத்திருந்தது. இது தனக்கு வைத்த படையல் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, தியாகராசா அதைத் தொடாமல் பக்கத்தில் புது இலையை விரித்தார்.

ஆறு கிழமை இப்படிப் போயிற்று. மூன்று போத்தல், ஓர் இலைச் சோறு. அந்தப் போத்தல்களை வீட்டில் வைக்க மனமில்லாமல் நேரே சந்தையடி எண்ணெய்க் கடையில் கொடுத்துவிடுவார். மருதனார்மடத்தில் அந்தப் புரட்டாதி நல்லெண்ணெய் வாங்கிப் போனவர்களில் எத்தனை பேர் அதைப் பேய் கழுவிய போத்தலில் கொண்டுபோனார்களோ தெரியாது. ஒருவரும் வந்து குறை சொல்லவில்லை. சொல்வதென்றால், அவ்வளவு துப்புரவான போத்தல் வேறு எங்கிருந்தும் வரவில்லை.

போகப்போக அவருக்குப் பயத்தோடு ஓர் ஒட்டுதலும் வந்துவிட்டது. புதன்கிழமையே எள்ளுருண்டைக்கு எள்ளு வறுக்கச் சொல்லுவார். சைக்கிளில் போகும்போது வழிநெடுக, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, பாதை பூட்டிப்போச்சு அக்கா," என்று தனக்குள்ளே கதைத்துக்கொண்டு போவார். படலையடியில் மட்டும் வாய் திறக்காது. இலையை வைப்பார், ஓடுவார்.

அப்போது மகள் பத்மாவதிக்கு எட்டாம் மாதம். திடீரென்று காய்ச்சல் வந்து பிதற்றத் தொடங்கினாள். ஞானாம்பிகைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உந்தப் போத்தலோடை அது வீட்டுக்கும் வரப் பாக்குது. என்ரை பிள்ளைக்கு ஒண்டெண்டால் நான் இருக்கமாட்டன்," என்றாள்.

தியாகராசா, பார்வை பார்த்து நூல் கட்டுகிற தம்பிராசாவிடம் போனார். தம்பிராசா எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ தீன் போட்டு வளர்க்கிறாய் தியாகு," என்றார். "சோறு கிடைக்கிற இடத்தை விட்டு அது ஏன் போகப்போகுது? வைக்காதை. பசிச்சால் தன்ரை பாட்டிலை போயிடும். பாவம் பாத்தியோ, உன்ரை பிள்ளையைத்தான் குடுக்க வேண்டிவரும்."

ஒரு பக்கம் செத்த அக்கா, மறுபக்கம் உயிரோடிருக்கிற மகள். எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

முதல் வியாழன் வெறுங்கையோடு போனார். மூன்று போத்தல்களுக்குப் பக்கத்தில் போன கிழமை இலை கழுவி விரித்துத் தயாராக இருந்தது. போத்தல்களைத் தொடாமல் வந்துவிட்டார். இரண்டாம் வியாழன் அந்த மூன்றும் அப்படியே நிற்க, நான்காவதாக ஒன்று சரிந்து கிடந்தது. அது கழுவாத போத்தல். அதன் உடம்பெல்லாம் சேற்று விரல்கள் பதிந்திருந்தன. வேலிக்கு உள்ளே யாரோ மூச்சு வாங்குவது போலிருந்தது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அந்தக் கிழமைதான் பத்மாவதிக்குக் காய்ச்சல் விட்டது. தம்பிராசாவின் பேச்சு பலித்துவிட்டது என்று ஞானாம்பிகை வைரவருக்கு வடைமாலை சாத்தினாள்.

மூன்றாம் வியாழன் புதிதாக ஒன்றும் இல்லை. சத்தமும் இல்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. அக்கா போய்விட்டாள் என்று தியாகராசாவுக்கு விளங்கிற்று. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று விம்மி விம்மி அழுதார். பசியோடு அனுப்பிவிட்டேனே என்று அழுதார். பேய் போய்விட்ட வீடு வெறும் வீடுதானே, சாமியறையில் ஒரு விளக்காவது கொளுத்திவிட்டுப் போவோம் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கொள்கையை விட்டுப் படலையைத் தள்ளினார்.

ஈர மணலில் ஒரு தடம் இருந்தது. படலையிலிருந்து குசினிவரை, அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு போனதுபோல் அகலமாக. அதன் இரு பக்கமும் உள்ளங்கைகள் பதிந்திருந்தன.

பேய்க்குக் கால் நிலத்தில் படாது. அதுவும் அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதிதான்.

குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் சிவக்கொழுந்து கிடந்தாள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எலும்பு பிசகாக ஒட்டிப்போய்த் திரும்பியிருந்தது. பரியாரி பெண்சாதி தானே தனக்கு மட்டை வைத்துக் கட்டியிருக்கிறாள். பக்கத்தில் பனங்கிழங்கு ஒடியல் வைத்த பானை, வெறும் பானை. பப்பாசித் தோல் காய்ந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவரைப் பார்த்தது.

"வந்திட்டியே," என்றாள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

தியாகராசா அவளுடைய கையைப் பிடித்தார். சூடாக இருந்தது.

"ஒண்டரை மாசம் இதிலை கிடந்து அசையேலாமல் போச்சு. பிறகுதான் உன்ரை சைக்கிள் மணிச் சத்தம் தெரிஞ்சு, நீ எடுக்க வருவாய் எண்டு போத்தல் வைச்சனான். கூப்பிட்டனான் தம்பி. கனக்கக் கூப்பிட்டனான்."

"அக்கா..."

"தண்ணி தா."

அவர் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாளியோடு வந்து, கையால் அள்ளி வாயில் விட்டார். பாதி வெளியே வழிந்தது. குடித்துவிட்டு நெடுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, ஏதோ அவள்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதுபோல், அவருடைய தலையில் கை வைத்தாள்.

"நீ உள்ளை வராதது எனக்குக் கோவமில்லையடா. எள்ளுத் தூவின சோத்தைக் கண்ட உடனை விளங்கிச்சு. வீட்டிலை சாவு, துடக்கோடை வரக்கூடாதெண்டு வெளியிலை வைச்சிட்டுப் போறாய் எண்டு. ஒவ்வொரு கிழமையும் அழுதழுதுதான் சாப்பிட்டனான்." பிறகு கேட்டாள். "பத்மாவோ? பிள்ளைத்தாச்சி எல்லோ அவள்?"

"இல்லை அக்கா. பத்மா சுகமா இருக்கிறாள்."

"ஞானமோ?"

அவளும் சுகம் என்று அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப ஆருக்கடா இவ்வளவு நாளும் படைச்சனி? எனக்கு ஒளிக்காதை. ஆர் செத்தது, சொல்லு," என்றாள் சிவக்கொழுந்து.

தியாகராசா அவளுடைய முகத்தைப் பார்த்தார். கொள்ளி வைத்தபோதும் அந்தியேட்டியிலும் ஐயர் கேட்கக் கேட்க அவர் சொன்ன பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்கு உரியவள்தான் இப்போது அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.